மரக்கறிப் பாத்தி போடும் இடத்தில் பழைய கல்மேடு: தோண்டலாமா?

கேள்வி: எங்கள் லயத்துக்குப் பின்னால் மரக்கறி போட இடம் துப்புரவாக்கியபோது ஒரு கல்மேட்டில், நட்டுவைத்த மாதிரிப் பலகைக்கற்களும் பானை ஓடுகளும் தெரிந்தன. ஆதிகாலத்துச் சவக்குழி என்கிறார்கள் சிலர், புதையல் என்கிறார்கள் சிலர். தோண்டிப் பார்க்கலாமா? – வாசகர், மாத்தளை

பதில்: தோண்ட வேண்டாம். முதலில் கண்ணால் பாருங்கள்.

மலையகத்துக் கல்மேடுகளில் பல, கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்டியபோது பொறுக்கிக் குவித்தவை. அவற்றில் ஒழுங்கு இருக்காது. 'நட்டுவைத்த மாதிரி' என்று நீங்கள் எழுதியதுதான் யோசிக்க வைக்கிறது.

உங்கள் மாவட்டத்திலேயே, தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவில் பெருங்கற்கால இடுகாடு இருக்கிறது. ஏறக்குறைய கி.மு. 700–400 காலத்தது. நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே மூடுகல் போட்டிருக்கிறார்கள். உள்ளே, இறந்தவர்களை எரித்த சாம்பல் வைத்த தாழிகள். கூடவே மட்பாண்டங்கள், மணிகள். சிவப்புக் கார்னீலியன் மணிக்கான கல் அந்தப் பகுதியில் கிடைப்பதில்லை, இந்தியாவிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். புதையல் ஆசைக்காரர்கள் எதிர்பார்க்கும் குடம் குடமான பொன் இதில் இல்லை.

அப்புறம், பானை ஓட்டைக் கையில் எடுக்காமல் நிறம் பாருங்கள். அடுப்பில் வைத்த பானைக்குக் கரி வெளிப்புறம்தான் பிடிக்கும். உட்புறமும் விளிம்பும் கறுத்து, வெளியே கீழ்ப்பகுதி சிவந்திருந்தால், அது சுடும்போதே வந்த நிறம். பழைய கறுப்பு–சிவப்புப் பாண்டமாக இருக்கலாம்.

சட்டமும் கண்டிப்பானது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடிச் சொந்தக் காணியில் தோண்டவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கண்டிச் சீமை வெள்ளைக்காரர் கைக்குப் போன 1815 மார்ச் 2தான் அதில் கால எல்லை; அதற்கு முந்தியதுதான் தொல்பொருள். பின்னாளில் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து மாத்தளை வழியாக நடந்துவந்து வாந்திபேதியில் செத்த நம் சனங்களைப் புதைத்த மேடாக இருந்தால் அந்த எல்லைக்குள் வராது. ஆனாலும் அதன்மேல் கோவா நட யாருக்கு மனம் வரும்?

பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லி, தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். எலும்பு தெரிந்தால் நேரே பொலிசுக்குச் சொல்லுங்கள், எவ்வளவு பழசாகத் தோன்றினாலும் சரி. 2012இல் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் கிடைத்த எலும்புகளின் காலம் பற்றி நிபுணர்களே முரண்பட்டார்கள்.

பாத்தியைத் தள்ளிப் போடுங்கள். கான் வெட்டுவதானால் தண்ணீர் மேட்டுப் பக்கம் திரும்பாதபடி வெட்டுங்கள். ஒரு மழைக்கே ஓடுகள் பள்ளத்துக்குப் போய்விடும்.