அந்தத் தெரு சேறு இல்லை

ஐயா,
பத்தாம் வகுப்புப் பெண்களிடம் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயரைப் பற்றிப் பேசினேன். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் வறுமையில் வளர்ந்த, ஸ்பானிஷ் பேசும் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். 'சேற்றில் மலர்ந்த செந்தாமரை' என்று முடித்தேன். ஒரு மாணவி எழுந்து, "அப்ப எங்க தெருவும் சேறா மிஸ்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?
ஓர் ஆசிரியை, விழுப்புரம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

"இல்லையம்மா, நான் சொன்னதுதான் தப்பு" என்று சொல்லியிருப்பேன். இப்போதும் சொல்லலாம், தாமதமாகிவிடவில்லை.

சோனியா 1954-இல் பிறந்தவர். எட்டு வயது நிறையும் முன்பே சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் இன்சுலின் ஊசி. அப்பாவுக்குக் குடியால் கை நடுங்கும். நர்ஸாக இருந்த அம்மாவுக்கு எப்போதும் வேலை. யார் ஊசி போடுவது என்று இருவருக்கும் சண்டை. அதைக் கேட்ட குழந்தை தானே போட்டுக்கொள்ள முடிவு செய்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தீக்குச்சி கிழித்து அடுப்பைப் பற்றவைத்து, ஊசியைக் கொதிநீரில் போட்டுக் காத்திருக்கும். அப்புறம்தான் பள்ளிக்கூடம். சோனியாவுக்கு ஒன்பது வயதானபோது அப்பா இறந்துபோனார்.

இந்த மன உறுதியை நாம் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் அது மட்டுமே அவரை வளர்க்கவில்லை. அந்த வீடு நகர நிர்வாகம் கட்டிய பிராங்க்ஸ்டேல் குடியிருப்பில் இருந்தது. வைத்தியம் ஜகோபி என்ற பொது மருத்துவமனையில். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோயில் அன்றைக்குப் பெரிய ஆராய்ச்சிகள் நடந்த இடம் அது. அப்பா போன பிறகு அவர் புத்தகங்களில் மூழ்கியது பொது நூலகத்தில். வாரக் கடைசியில் பாட்டி வீட்டில் உறவு சனமெல்லாம் கூடும். சமையலும் பாட்டும் டொமினோ விளையாட்டும் ஸ்பானிஷ் பேச்சுமாக இருக்கும். அங்கேதான் தான் பத்திரமாக இருப்பதாக உணர்ந்தேன் என்று எழுதியிருக்கிறார். 1972-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததற்குச் சிறுபான்மையினருக்குத் தரப்பட்ட முன்னுரிமையும் ஒரு காரணம் என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. 1976-இல் மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் பெற்று வெளியே வந்தார்.

இன்னொன்றையும் உங்கள் மாணவிகளிடம் சொல்லுங்கள். சோனியாவுக்கு ஒட்டிப் பிறந்ததுபோல ஓர் உறவுக்காரப் பையன் இருந்தான். அதே பாட்டி வீடு. தன்னைவிட அவன்தான் புத்திசாலி என்கிறார் அவர். அவனை ஹெராயின் பிடித்துக்கொண்டது. முப்பது வயதைத் தொடும் முன்பே எய்ட்ஸில் போய்விட்டான். அவன் ஏன், நான் ஏன் என்ற கேள்வி அவரை விடவேயில்லை. 'செந்தாமரை' என்று சோனியாவைச் சொல்லிவிட்டால் அந்தப் பையன் சேறாகிவிடுகிறான். அந்தப் பாட்டியும் சேறாகிவிடுகிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

2009-இல் சோனியா உச்ச நீதிமன்றத்தின் முதல் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் வம்சாவளி) நீதிபதியானார். அடுத்த ஆண்டு பிராங்க்ஸ்டேல் குடியிருப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்றும் அங்கே சனங்கள் குடியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.