ரேபமைசின் மாத்திரை எனக்கு வேண்டுமா?

கேள்வி: எனக்கு 61 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். என் அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தார். ரேபமைசின் என்ற மாத்திரை முதுமையையும் புற்றுநோயையும் தள்ளிப்போடும் என்று வீடியோக்களில் பார்த்தேன். வெளிநாட்டு நண்பர் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். வாரம் ஒன்று சாப்பிடலாமா? காலில் ஒரு புண் மூன்று வாரமாக ஆறவில்லை. அதற்கும் இது உதவுமா?

பதில்: முதலில் அந்தப் புண்ணைப் பார்ப்போம், ஐயா. சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று வாரம் ஆறாத கால் புண் சாதாரண விஷயம் இல்லை. நாளைக்கே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். காய்ச்சல், வீக்கம், கெட்ட வாடை இருந்தால் நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள். ரேபமைசின் புண்ணை ஆற்றாது, ஆறுவதைத் தாமதப்படுத்தும். நண்பரிடம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீடியோவில் சொன்னது அத்தனையும் பொய் என்று சொல்லமாட்டேன். அதன் பின்னால் அருமையான ஆராய்ச்சி இருக்கிறது. 1964-ல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் கடலில் உள்ள ஈஸ்டர் தீவுக்குப் போனது. அங்கிருந்து கொண்டுவந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து, மான்ட்ரியல் ஆய்வகத்தில் சுரேந்திர சேகலின் குழு பூஞ்சையை ஒடுக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. தீவை அங்குள்ளவர்கள் ராப்பா நூயி என்பார்கள். ரேபமைசின் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பொருள் நோய் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கியது. அந்தக் குணத்துக்காகத்தான் 1999-ல் அமெரிக்காவில், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது.

அது செல்லுக்குள் எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பதை 1991-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மைக்கேல் ஹால், ஜோசப் ஹைட்மன், ராவ் மொவ்வா மூவரும் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். நம் உடலிலும் உள்ள அந்தப் புரதத்துக்கு எம்டார் என்று பெயர். வீட்டில் அரிசி, பருப்பு இருப்பைப் பார்த்து இன்று எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்று முடிவுசெய்பவரைப் போன்றது அது. இன்சுலினும் அமினோ அமிலங்களும் போதுமான அளவு இருந்தால், ‘வளரு, பெருகு’ என்று செல்லுக்கு உத்தரவு போடும். உணவு குறைந்தால் அடங்கிவிடும். அப்போது செல் தன்னிடம் பழுதாகிக் கிடக்கும் பாகங்களை உடைத்து மறுபடி பயன்படுத்தும். பல புற்றுநோய்களில் இந்த உத்தரவு ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ரேபமைசினின் உறவு மருந்தான எவரோலிமஸ், முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2009-லிருந்து தரப்படுகிறது.

அதே ஆண்டில்தான் எலி ஆய்வும் வெளிவந்தது. 600 நாள் வயதான, அதாவது நம் கணக்கில் அறுபதை ஒட்டிய எலிகளுக்கு ரேபமைசின் கொடுத்தார்கள். அதிகபட்ச ஆயுள் பெண் எலிகளில் 14 சதவீதமும், ஆண் எலிகளில் 9 சதவீதமும் கூடியது. படித்தபோது எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் ஆய்வக எலிகள் நோய்க்கிருமி அண்டாத கூண்டில் வாழ்பவை. நீங்களும் நானும் காசநோய்க் கிருமி சுற்றித் திரியும் ஊரில் பஸ் ஏறுகிறோம். எதிர்ப்புச் சக்தியை அடக்கினால், உள்ளே உறங்கிக்கிடக்கும் காசநோய்கூட விழித்துக்கொள்ளலாம்.

மனிதர்களிடம் நடந்ததையும் கேளுங்கள். உறுப்பு மாற்று செய்துகொண்ட ஐயாயிரத்துக்கும் அதிகமானோரின் ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியிட்டார்கள். ரேபமைசின் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகவே வந்திருந்தது. இறந்தவர்களோ அவர்களில்தான் அதிகம். நோய்த்தொற்றும் இதயநோயும் முக்கியக் காரணங்கள். அந்த நோயாளிகள் தினமும் சாப்பிட்டவர்கள், வாரம் ஒரு மாத்திரையும் அதுவும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனாலும் இந்த மருந்து வாய்ப்புண்ணைக் கொண்டுவரும், கொழுப்பையும் சர்க்கரையையும் ஏற்றும். பன்னிரண்டு வருடச் சர்க்கரையும் ஆறாத புண்ணும் உள்ள ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டிய மருந்தே அல்ல இது.

அப்புறம், நீங்கள் சாப்பிடும் மெட்ஃபார்மினும் சுற்றுவழியில் எம்டாரைக் கொஞ்சம் அடக்கும். அதை நம்பி, சர்க்கரை நோய் இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். நோய் திரும்புவதை அது குறைக்கவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. சர்க்கரைக்காக அதைத் தொடருங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் மாத்திரையைவிட அம்மாவைப் பற்றிய வரிதான் என் மனதில் நின்றது. அவருக்கு எந்த வயதில் நோய் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஐம்பதுக்கு முன்பே வந்திருந்தாலோ, அவர் பக்கத்துச் சொந்தத்தில் வேறு யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்தாலோ ஒரு புற்றுநோய் மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இந்தப் புற்றுநோய்களுக்கு வழிவிடும் மரபணுக் கோளாறு ஆண்கள் வழியாகவும் பிள்ளைகளுக்குப் போகும். உங்களுக்கு மகளோ சகோதரியோ இருந்தால், மார்பகத்தை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராமை எந்த வயதில் தொடங்குவது என்று அந்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். புண்ணைக் காட்டப் போகும்போது கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.