ஒரு வேதிவினையில் வெப்பநிலை, நேரம், செறிவு மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தே அதிக விளைச்சலைக் கண்டுபிடித்துவிடலாமே, காரணிகளைத் திட்டமிட்டு ஒருசேர மாற்றும் சோதனை வடிவமைப்பு எதற்கு?

ஆய்வு மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் தொடங்கினேன். நேரத்தை 30 நிமிடத்தில் நிறுத்தி வெப்பநிலையை ஏற்றினேன். 70 டிகிரியில் விளைச்சல் உச்சம். 70-ஐ நிறுத்தி நேரத்தை மாற்றினேன். உச்சம் அதே 30 நிமிடத்தை ஒட்டி. உகந்த நிலை இதுதான் என்று எழுதி வைத்தேன். பல மாதம் கழித்துத்தான் 55 டிகிரி, 90 நிமிடத்தில் விளைச்சல் இன்னும் கூடுவது தெரிந்தது.

காரணம் இடைவினை, அதாவது ஒரு காரணியின் விளைவு இன்னொன்றின் மட்டத்தைப் பொறுத்து மாறுவது. சூடு அதிகமானால் குறைந்த நேரம் போதும், அதற்கு மேல் விளைபொருள் சிதையும். ஆகவே விளைச்சல் மேடு கோணலாகக் கிடக்கிறது. கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் மட்டுமே நடப்பவருக்கு அதன் முதுகில் எங்கே நின்றாலும் நாலு பக்கமும் இறக்கமாகத் தெரியும்.

மூன்று காரணிகளுக்கும் தாழ்வு, உயர்வு என இரு மட்டம் வைத்து எல்லாச் சேர்க்கைகளையும் செய்தால் 8 சோதனைகள், ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகள் போல. ஒவ்வொரு காரணியின் விளைவையும் கணக்கிட எட்டும் பயன்படும், உயர்வில் நாலு, தாழ்வில் நாலு. அதே துல்லியம் ஒவ்வொன்றாக மாற்றும் முறையில் வேண்டுமானால் 16 சோதனை. அப்போதும் இடைவினை தெரியாது.

எட்டோடு, மூன்றும் நடு மட்டத்தில் இருக்கும் மையப் புள்ளியில் நாலைந்து சோதனை கட்டாயம் சேருங்கள். சோதனைப் பிழை எவ்வளவு, விளைச்சல் பரப்பு வளைகிறதா என்ற இரண்டையும் அவை சொல்லும். வளைவு இல்லையென்றால் ஏற்றம் செங்குத்தாக இருக்கும் திசையில் நகருங்கள். வளைந்தால், மையத்திலிருந்து ஒரு காரணியை மட்டும் இரு பக்கமும் நகர்த்தும் 6 அச்சுப் புள்ளிகளைச் சேர்த்து, 10 கெழுக்கள் கொண்ட இருபடிச் சமன்பாட்டைப் பொருத்தலாம். 1951-இல் புள்ளியியலாளர் பாக்ஸும் வேதியியலாளர் வில்சனும் காட்டிய வழி இது. மூன்று காரணிகளும் ஒருசேர உயர் மட்டத்துக்குப் போவது ஆபத்தென்றால் மூலைகளைத் தொடாத பாக்ஸ்-பென்கன் வடிவமைப்பு இருக்கிறது: 12 புள்ளிகளும் மையமும்.

கையிலுள்ள சோதனைகளில் கால்வாசிக்கு மேல் முதல் தொகுப்பில் செலவழிக்காதீர்கள். எடுத்த தாழ்வு, உயர்வு எல்லை தவறாக இருந்தால் மிச்சம் வேண்டுமே.

சோதனைகளின் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள், இதில் சமரசமே வேண்டாம். ஒருமுறை வசதிக்காகக் குறைந்த வெப்பநிலைச் சோதனைகளை முதலில் முடித்தேன். அதற்குள் வினையூக்கிக் கரைசல் பழசாகிவிட்டது. வெப்பத்தின் விளைவு எது, கரைசலின் வயது எது என்று பிரிக்க முடியாமல் எட்டையும் மறுபடி செய்தேன்.

சமன்பாடு காட்டும் உச்சத்திலும் இரண்டு மூன்று சோதனை செய்து பாருங்கள். கிடைத்த விளைச்சல், சமன்பாடு முன்கூட்டிக் கணித்த வரம்புக்கு வெளியே விழுந்தால் அந்த இடத்தில் சமன்பாட்டை நம்பாதீர்கள்.