மேற்கோள்களுக்கு நடுவே உங்கள் வாதம் எங்கே?

கேள்வி: நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி, மெய்யியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். "ஓர் உயிரைக் காக்கப் பொய் சொல்லலாமா?" என்னும் இடுபணிக்கு வள்ளுவர், ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் இருவரின் கருத்துகளையும் திரட்டிப் பல மேற்கோள்களுடன் எழுதினேன். குறைந்த புள்ளிகளே கிடைத்தன. "உங்கள் வாதம் எங்கே?" என்று மட்டும் விரிவுரையாளர் குறித்திருந்தார். மீண்டும் எழுத அனுமதித்திருக்கிறார். எவ்வாறு திருத்துவது?
— வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். வரை நாம் பழகிய முறையில், சான்றோர் கூற்றுகளை ஒழுங்காகத் தொகுத்து இரு தரப்பையும் பாராட்டி முடித்தால் அது நல்ல கட்டுரை. மெய்யியல் கட்டுரையிலோ, அவர்கள் சொன்னது சரிதானா, எந்தக் காரணத்தால் சரி என்பதே விசாரணை. "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" (குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மைக்கு ஒப்பாகும்) என்னும் 292ஆவது குறளை எடுத்துக்காட்டுவது, வள்ளுவர் அவ்வாறு கருதினார் என்பதற்குச் சான்றாகுமே தவிர, அக்கருத்து சரி என்பதற்குச் சான்றாகாது. குறளை மதிப்பவர் அதனிடம் கேள்வி கேட்க வேண்டும்: நன்மை விளையும் என்பதைப் பொய் சொல்வதற்கு முன்பே எப்படி அறிவது? அது புரைதீர்ந்த நன்மைதான் என்று தீர்மானிப்பவர் யார்?

கான்ட்டையும் இவ்வாறே அணுகுங்கள். பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்தானுக்கு மறுமொழியாக 1797இல் அவர் எழுதிய சிறு கட்டுரையில், கொலைகாரன் ஒருவன் வாசலுக்கு வந்து, தான் துரத்தி வந்த உங்கள் நண்பர் உள்ளே இருக்கிறாரா என்று கேட்கிறான்; அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்கிறார் கான்ட். அவர் தரும் காரணங்களுள் ஒன்று இது: நீங்கள் "இல்லை" என்று பொய் சொல்ல, உங்களுக்குத் தெரியாமல் நண்பர் உண்மையிலேயே வெளியேறியிருந்து, தெருவில் அவனிடம் சிக்கிக் கொல்லப்பட்டால், அந்தச் சாவுக்கு நீங்கள் பொறுப்பாக்கப்படலாம். மாறாக உண்மை சொன்னவர், விளைவு எதுவாயினும், குற்றவாளி ஆகமாட்டார்.

இந்த ஒரு காரணமே உங்கள் கட்டுரைக்குப் போதும். உண்மை சொல்வதால் நண்பர் கொல்லப்பட்டால் சொன்னவருக்குப் பொறுப்பில்லை, பொய் சொன்னவருக்கு மட்டும் உண்டு என்பது ஏன்? உண்மை சொல்வது கடமை என்று முன்பே ஏற்றுக்கொண்டால்தான் இந்த வேறுபாடு நிற்கும். ஆகவே, "கான்ட்டின் இந்த எடுத்துக்காட்டு, பொய் கூடாது என்பதைத் தன்னளவில் நிறுவவில்லை; அதை முன்னரே ஏற்றுக்கொண்டு பேசுகிறது" என்று நீங்கள் வாதிடலாம். இது சிறிய கூற்றுதான். பொய்யின் அறம் முழுவதையும் தீர்த்துவைக்க முயல்வதைவிட, இத்தகைய சிறிய கூற்றை நன்றாக நிறுவுவதையே நான் மேலாகக் கருதுகிறேன்.

பிறகு உங்களுக்கே எதிராக வாதிடுங்கள். கான்ட்டின் தரப்பில் நிற்பவர், "அவர் இந்த எடுத்துக்காட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை, பொய், மனிதர் கூற்றுகள் மீதுள்ள நம்பிக்கையையும் அதன்மேல் நிற்கும் உரிமைகளையும் குலைக்கிறது என்பதே அவருடைய அடிப்படை" என்பார். வலுவான மறுப்பு இது. இதை மெலிதாக்கி எழுதாதீர்கள். நம் மரபிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு: சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்னும் பகுதியில் அருணந்தி சிவாசாரியார், உலகாயதம் (கண்ணால் காணும் உலகே உண்மை என்னும் கொள்கை) முதலான பிற மதங்களின் கொள்கைகளை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கிறார். எதிர்த் தரப்பினர் படித்தாலும், "ஆம், எங்கள் கொள்கை இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி அந்தப் பத்தி அமைய வேண்டும். அதற்கு விடையளிக்க முடியாவிட்டால், உங்கள் கூற்றைக் குறுக்கிக்கொள்ளுங்கள். அதனால் கட்டுரைக்கு இழுக்கில்லை.

இன்னொன்றிலும் கவனம் தேவை. பொய் சொல்லுதல், உண்மையை மறைத்தல், பேசாதிருத்தல் ஆகிய மூன்றும் வேறு வேறு. கான்ட் எடுத்துக்கொண்டது, பதில் சொல்லாமல் தப்ப முடியாத நிலை. இவற்றை ஒன்றாகக் கலந்துவிட்டால் உங்கள் வாதம் அவரைத் தொடவே தொடாது.

"ஆதிகாலந்தொட்டு மனிதன்..." என்னும் வகை முன்னுரையை நீக்கிவிடுங்கள். "இக்கட்டுரையில் நான் வாதிடுவது..." என்றே தொடங்கலாம்; மெய்யியலில் "நான்" என்று எழுதுவது அடக்கக் குறைவு ஆகாது. உங்கள் கூற்றுக்குத் துணை செய்யாத மேற்கோள்களையும் எடுத்துவிட்டால் கட்டுரை பாதியாகச் சுருங்கலாம். அதற்கு அஞ்ச வேண்டாம். மறுபடி எழுதத் தொடங்குமுன், உங்கள் கூற்றை ஒரே வாக்கியத்திலும் அதற்கான மிக வலுவான மறுப்பை மற்றொரு வாக்கியத்திலும் எழுதி, விரிவுரையாளரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.