இரண்டாம் வகுப்புப் பையனுக்குத் தனி எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிறான். நானும் மனைவியும் அதிகம் படிக்கவில்லை. டியூஷன் இல்லாமல் வீட்டிலேயே என்ன செய்யலாம்?

தனி எழுத்துகள் தெரிகின்றன, சேர்த்து வாசிக்கத்தான் வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, மூன்று மாதம் விடாமல் செய்து பாருங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்றாலும் உங்களால் முடியும்.

முதலில் அவன் எங்கே இடறுகிறான் என்று பாருங்கள். பொதுவாகச் சிக்கல் வருவது கொம்பில். 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலியோ பின்னால் வரும். 'கொ'வில் ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால். அடுத்தது உகர வரிசை. கு, சு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், பார்த்துப் பழகத்தான் வேண்டும். க, கா, கி என்று வரிசையாக ஒப்பிக்க விடாதீர்கள். ஒப்பிக்கும்போது பிள்ளை எழுத்தைப் பார்ப்பதே இல்லை. எட்டு, பத்து எழுத்தைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, கலைத்துப் போட்டு, நீங்கள் சொல்வதை எடுக்கச் சொல்லுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 'ப-க-ல்' என்று கூட்டும் பிள்ளை 'பக்கல்' மாதிரி சொல்லிவிட்டு விழிக்கும். 'க' கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் வேறு மாதிரி ஒலிக்கிறது. அந்தச் சொல் ஏற்கெனவே காதில் விழுந்திருந்தால்தான் நாக்கு தானாகத் திருத்திக்கொள்ளும். அதோடு, வீட்டில் 'வந்துச்சு' என்கிறோம், புத்தகத்தில் 'வந்தது' என்று இருக்கிறது. அதனால் கதை சொல்வதோடு நிறுத்தாமல், புத்தகத் தமிழை அப்படியே வாசித்துக் காட்டுவதும் வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் நேற்று வாசித்த பக்கத்தையே அவன் மறுபடி வாசிக்கட்டும். பிறகு புதிதாக நான்கைந்து வரி. சொல்லுக்குச் சொல் விரல் வைத்து நீங்கள் ஒருமுறை, இருவரும் சேர்ந்து ஒருமுறை, அவன் தனியாக ஒருமுறை. தடுமாறினால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். வராவிட்டால் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டு நகருங்கள், திட்ட வேண்டாம். பயந்த பிள்ளை முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கத் தொடங்கும். பத்துச் சொல்லில் இரண்டு, மூன்று தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், எளிதானதை எடுங்கள். அரசுப் பள்ளி என்றால் வாசிப்பு இயக்க நூல்களைக் கேளுங்கள். 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாக இருக்கும். செல்போனில் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்.

வாசிக்கிறானா, மனப்பாடமா என்று சந்தேகம் வந்தால் படத்தை மறைத்துவிட்டு, வரியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிக் கேளுங்கள்.

எழுத்தே தெரியாத பாட்டிக்கும் இதில் வேலை உண்டு. வெங்காயம் உரிக்கும்போதே விளையாடலாம்: 'மிளகு' என்பதை எழுத்துக்கு ஒரு கைதட்டாகச் சொன்னால் எத்தனை தட்டு? மி, ள, கு, மூன்று. 'படம்' என்பதில் 'ப'வை எடுத்துவிட்டு 'கு' போட்டால்? குடம். 'வ' போட்டால்? வடம். சொல்லைப் பிரித்துச் சேர்க்கக் காது பழகிவிட்டால், கண்ணால் எழுத்துக்கூட்டுவது பெரிதும் எளிதாகும்.

ஒரே சொல்லைப் பத்துமுறை எழுதவைப்பதால் வாசிப்பு வராது. மூன்றாவது முறைக்குப் பிறகு கை மட்டும்தான் ஓடும்.

புத்தகத்தை முகத்தருகே வைத்தாலோ, கூப்பிட்டால் அடிக்கடி 'என்ன?' என்று கேட்டாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் கண்ணையும் காதையும் உடனே பரிசோதியுங்கள். இரண்டும் சரியாக இருந்து, மூன்று மாதத்துக்குப் பிறகும் பார்த்துப் பழகிய எழுத்துகளே தினமும் புதிதாகத் தெரிந்தால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வகுப்பு ஆசிரியரிடமும், பள்ளிக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லுங்கள். மாவட்ட அளவில் இதற்கென்று உள்ள மையத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள்.