கேட்டால் சரியாகச் சொல்கிறார், செய்யத்தான் மாட்டேன் என்கிறார்: தலைக்காயத்துக்குப் பின் மாறிப்போன தந்தை

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வாசகர் ஒருவர் தம் தந்தையைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தந்தைக்கு 54 வயது. வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வந்தவர். பதினான்கு மாதங்களுக்கு முன் ஏற்காட்டிலிருந்து இருசக்கர வண்டியில் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்றில் சறுக்கி விழுந்து நெற்றியில் அடிபட்டு, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆறு மாதம் கழித்து எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல் என்று வந்தது. நடை, பேச்சு, ஞாபகம் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் யாராவது சொல்லும் வரை கட்டிலை விட்டு எழுவதில்லை. குளிக்கப் போனால் காலை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பி வருகிறார். வேலையாட்களைக் கூசாமல் ஏசுகிறார். அறிமுகமில்லாத ஒருவருக்கு முன்பணமாகப் பெருந்தொகையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். சாப்பாட்டில் ருசியே இல்லை என்று தினமும் தட்டைத் தள்ளுகிறார். “மருத்துவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பட்டுப் பட்டென்று பதில் சொன்னவர், வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஆகிவிட்டார். சொந்தக்காரர்கள் நடிப்பு என்கிறார்கள், சிலர் செய்வினை என்கிறார்கள். இது மனநோயா, மூளைக்கோளாறா, வெறும் பிடிவாதமா? பட்டறையை மறுபடி திறக்க முடியுமா?” என்று கேட்கிறார் வாசகர்.

நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனாலும் தலைக்காயத்துக்குப் பின் வரும் நடத்தை மாற்றங்களை நெடுநாளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், இந்தக் கடிதத்தில் உள்ள விவரங்கள் ஏறக்குறைய அனைத்தும் மூளையின் ஒரே பகுதியை, அதாவது நெற்றி எலும்புக்குப் பின்னால் இருக்கும் நெற்றி மடலைச் சுட்டுகின்றன என்று சொல்வேன். பிடிவாதமும் நடிப்பும் இப்படி ஒழுங்கான வடிவத்தில் வருவதில்லை.

முதலில் ஸ்கேன் விஷயம். ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளை, இளநீரின் வழுக்கையைப் போல மென்மையானது. ஓடும் வண்டியிலிருந்து விழுந்து தலை சட்டென நிற்கும்போது மண்டையோடு நின்றுவிடுகிறது. உள்ளே மூளை இன்னும் கொஞ்சம் முன்னோக்கி நகர்கிறது. கண்குழிகளுக்கு மேலே மூளையைத் தாங்கும் எலும்புத் தளம் வழவழப்பாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருப்பதால், நெற்றி மடலின் அடிப்பாகம் அதில் உரசிக் கன்றிப்போகிறது. அடி எந்தப் பக்கம் பட்டாலும் இந்த இடத்தில் சேதம் அடிக்கடி ஏற்படுவதற்கு இதுதான் காரணம். இன்னொரு சேதமும் உண்டு: தலை முறுக்கித் திரும்பும் வேகத்தில், மூளையின் தொலைவான பகுதிகளை இணைக்கும் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அறுந்துவிடுகின்றன. சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் நன்றாகக் காட்டும். அறுந்த இழைகளைப் பெரும்பாலும் காட்டாது. எனவே ஆறு மாதம் கழித்து ‘நார்மல்’ என்று எழுதி வந்தால், இப்போது இரத்தக்கட்டு இல்லை என்று படித்துக்கொள்ளுங்கள். மூளை முன்போலவே வேலை செய்கிறது என்ற பொருள் அதற்குக் கிடையாது. எம்.ஆர்.ஐ. இன்னும் கொஞ்சம் சொல்லும். அதிலும் நுண்ணிய இரத்தக் கசிவின் தடங்களைக் காட்டும் தனிவகைப் படம் உண்டு, அதையும் சேர்த்து எடுக்கும்படி மருத்துவரிடம் கேட்கலாம்.

இனி நெற்றி மடலின் வேலை. உங்களுக்குத் தெரிந்த பட்டறையையே எடுத்துக்கொள்வோம். கம்பி இழுப்பவர், வளையம் பின்னுபவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என எல்லாரும் வந்து அமர்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தொழில் தெரியும். ஆனால் “இதை முதலில் எடு, அது போதும், அந்த ஆர்டர் நாளைக்கு” என்று சொல்லும் மேஸ்திரி மட்டும் வரவில்லை. உங்கள் தந்தையின் மூளையில் இன்று நடப்பது ஏறக்குறைய இதுதான். பேச்சு, நடை, நினைவு ஆகியவற்றுக்கான பகுதிகள் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அவற்றைத் தொடங்கிவைத்து, வரிசைப்படுத்தி, தேவையான இடத்தில் நிறுத்தும் பகுதிதான் தடுமாறுகிறது. மேஸ்திரி என்று ஒருமையில் சொன்னாலும், உண்மையில் அந்த வேலையை மூன்று தனித்தனி நரம்புச் சுற்றுகள் பார்க்கின்றன. மூன்றும் மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகளுக்குச் சென்று திரும்புகின்றன.

மூளையின் இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் உட்பக்கச் சுற்று ஒரு செயலைத் தொடங்கும் உந்துதலைத் தருகிறது. இது பழுதடைந்தால் ஆசையும் அறிவும் இருந்தும் உடல் எழாது; சொன்னால் எழும். பார்ப்பவர் கண்ணுக்கு அது சோம்பலாகத் தெரியும். மனச்சோர்விலிருந்து இதைப் பிரித்தறிவது அவசியம்: மனச்சோர்வு உள்ளவர் வருந்துவார், தூக்கமின்றிப் புரளுவார், வாழ்ந்து என்ன பயன் என்பார், உந்துதல் இழந்தவருக்குப் பெரும்பாலும் வருத்தமே இருக்காது, கேட்டால் “நல்லாத்தான் இருக்கேன்” என்பார். இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் மனநல மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வெளிப்பக்கச் சுற்று, செய்யவேண்டியதைச் செய்து முடிக்கும்வரை மனத்தில் பிடித்துவைக்கிறது. இங்கேதான் நரம்பணுக்களின் மின்துடிப்புக்கும் நடத்தைக்கும் உள்ள உறவு மிகத் தெளிவாகத் தெரிந்தது. 1971-இல் ஹோவாகின் ஃபூஸ்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளில் செய்த சோதனையில், இரண்டு இடங்களில் ஒன்றில் உணவை மறைத்துவைப்பதைக் குரங்குக்குக் காட்டிவிட்டு நடுவே திரையை இறக்கினார்கள். திரை இறங்கிய பிறகு, பார்ப்பதற்கு எதுவும் இல்லாத அந்த இடைவெளி முழுவதும், நெற்றி மடலின் சில நரம்பணுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்தன. திரை ஏறிக் குரங்கு கை நீட்டிய பிறகே அடங்கின. ‘குளிக்க வேண்டும்’ என்ற எண்ணம் குளித்து முடியும்வரை நிலைப்பதற்கும் இப்படியொரு தொடர்துடிப்பு வேண்டும். உங்கள் தந்தை குளியலறைக்குள் நுழைந்து, குழாயைத் திறந்து, காலில் தண்ணீர் பட்டதும் அந்தத் துடிப்பு தளர்ந்துவிடுகிறது. கால் நனைந்தாயிற்று, வேலை முடிந்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார். “குளிச்சீங்களா?” என்று கேட்டால் “ஆச்சு” என்பார். அது பொய் இல்லை.

மூன்றாவது, கண்குழிக்கு மேல் உள்ள அடிப்பக்கச் சுற்று. கோபத்தையும் பயத்தையும் நொடியில் கிளப்பும் அமிக்டலாவுடன் இது நெருங்கிய தொடர்பில் இருந்து, “இது ஏசும் இடமா, இந்த ஆளை நம்பலாமா” என்று விளைவை எடைபோட்டுத் தடுக்கிறது. வேலையாட்களை ஏசியதும் முன்பணத்தைத் தூக்கிக் கொடுத்ததும் வெவ்வேறு குணக்கேடுகளாகத் தோன்றினாலும் இந்த ஒரே சுற்றின் பழுதாக இருக்கலாம். இந்தப் பகுதியையும் அதன் அருகையும் மூளைக் கட்டியோடு சேர்த்து அறுவை சிகிச்சையில் இழந்த ஒரு நோயாளியைப் பற்றி எஸ்லிங்கர், டமாசியோ என்ற ஆய்வாளர்கள் 1985-இல் எழுதினார்கள். அறிவுத்திறன் சோதனைகளில் அவர் சராசரிக்கு மேலேயே இருந்தார். ஆனால் தவறான ஆளோடு கூட்டு சேர்ந்து தொழிலை இழந்தார், குடும்பத்தையும் இழந்தார்.

மருத்துவர் முன் மட்டும் தந்தை சரியாக இருந்ததன் காரணமும் இதில் இருக்கிறது. அமைதியான அறை, எதிரே ஒரே ஒருவர், அவர் கேள்வி கேட்கிறார், இவர் பதில் சொல்கிறார். எதைத் தொடங்குவது, எப்போது முடிப்பது, அடுத்தது என்ன என்பதையெல்லாம் மருத்துவரே செய்துவிடுகிறார். அதாவது அந்தப் பத்து நிமிடமும் நோயாளிக்கு மருத்துவரின் நெற்றி மடல் இரவலாகக் கிடைக்கிறது. மருத்துவர் சோதனையாகக் கேட்கும்போது நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கத் தெரிவதை வைத்து, கடனை எப்படித் தீர்ப்பது என்று ஒருவர் யோசிப்பாரா என்பதை அறிய முடியாது. ஆகவே அடுத்த முறை போகும்போது, இரண்டு வாரத்துக்கு வீட்டில் நடந்ததை நேரம் குறித்து ஒரு நோட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ‘கோபப்படுகிறார்’ என்று எழுதுவதைவிட, ‘மாலை 6 மணி, டி.வி. சத்தம், பேரன் அழுகை, இரண்டு முறை கேள்வி கேட்ட பிறகு டம்ளரை எறிந்தார்’ என்று எழுதுங்கள். கவனம், நினைவு, திட்டமிடல் போன்றவற்றை அளந்து பார்க்கும் நரம்பியல் உளவியல் சோதனைக்குப் பரிந்துரை கேளுங்கள். மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே பிரிவு உண்டு, சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து தொடங்கலாம். விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்கிறது என்றால், அந்தச் சோதனை அறிக்கை வழக்கறிஞருக்கும் உதவும். கைகால் நன்றாக இருப்பவருக்கு என்ன ஊனம் என்று கேட்கும் இடத்தில் வேறு சான்று இருக்காது.

சாப்பாட்டுச் சண்டையைத் தனியாகப் பார்க்க வேண்டும். மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லும் வாசனை நரம்புகள், நெற்றி மடலின் அடியில் உள்ள சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே செல்கின்றன. மூளை முன்னும் பின்னும் நகரும்போது அவை அறுந்துபோவது உண்டு. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான். கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத்துளையை அடைத்து, புதிதாக அரைத்த காப்பித்தூளை மற்றத் துளையருகே பிடித்துப் பாருங்கள். பிறகு பக்கத்தை மாற்றுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால், உங்கள் தாயின் கைப்பக்குவத்தின்மீது விழுந்த பழியை அன்றோடு எடுத்துவிடலாம். அதோடு, வாசனை தெரியாதவருக்கு கேஸ் கசிவும் தெரியாது, ஊசிப்போன குழம்பும் தெரியாது. அவரைத் தனியாக அடுப்படியில் விடாதீர்கள்.

மாத்திரைப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். தலைக்காயத்துக்குப் பின் வலிப்பு வராமலிருக்கக் கொடுக்கப்படும் லெவெடிராசிடம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். அது உங்கள் வீட்டு அட்டையில் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றித் தரலாம். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மது அறவே கூடாது. கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதை நான் தடுக்கப்போவதில்லை, மாத்திரை நிற்காமல் இருந்தால் போதும்.

வீட்டில் என்ன செய்வது? அறிவுரை சொல்வதை நிறுத்துங்கள். அறிவுரை என்பது தெரியாதவருக்குத் தெரிவிப்பது. அவருக்குத் தெரிகிறது, தெரிந்தது செயலாக மாறும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அந்த வழியை வெளியே, அவருடைய சூழலில் அமைத்துத் தாருங்கள். எழுவது, குளிப்பது, சாப்பிடுவது தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். “இன்னிக்கு என்ன பண்ணப் போறீங்க?” என்ற கேள்வி அவருக்கு மிகக் கடினம், “அப்பா, முதல்ல காப்பியா, குளியலா?” என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். குளியலறைச் சுவரில் தலை, உடம்பு, துவட்டல் என மூன்று சொற்களை எழுதி ஒட்டினால் அந்தத் தொடர்துடிப்பு செய்யவேண்டிய வேலையைச் சுவர் செய்யும். கோபம் கிளம்பினால் நியாயம் பேசாமல் டி.வி.யை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் விலகுங்கள். களைத்த மூளைக்கு மாலை நேரம் மோசமான நேரம் என்பதால் கடன்காரர்களையும் விருந்தாளிகளையும் காலையில் வரச் சொல்லுங்கள். வங்கியில் இருவர் கையெழுத்து முறைக்கு மாறுங்கள், கைப்பேசிப் பணப்பரிமாற்றத்துக்கு வரம்பு வையுங்கள். இதை அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அமைதியாக இருக்கும் வேளையில் சொல்லிச் செய்யுங்கள். இருசக்கர வண்டிச் சாவி மட்டும், மருத்துவர் அனுமதிக்கும்வரை, உங்களிடம் இருக்கட்டும்.

பட்டறையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பினியஸ் கேஜ் என்ற ரயில்பாதை மேஸ்திரியின் நெற்றி மடலை, சுமார் 6 கிலோ எடையுள்ள இரும்புக்கம்பி துளைத்துக்கொண்டு போனது. பிழைத்தார், குணம் மாறினார். பாடநூல்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின்கதை. 1852-இல் சிலி நாட்டுக்குப் போன அவர், அங்கே சில ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். அதே நேரத்தில் எழுந்து, அதே குதிரைகளைப் பூட்டி, அதே பாதையில் போய்வரும் வேலை அவருக்கு வெளியிலிருந்து ஓர் ஒழுங்கைத் தந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன்.

முப்பது ஆண்டு பழகிய கைத்தொழில் அடித்தள முடிச்சுகளிலும் சிறுமூளையிலும் பதிந்திருக்கிறது. நெற்றி மடல் அடிபட்டதால் அது அழிவதில்லை. ஊதுகுழலையும் அறுத்த வளையங்களையும் அவர் முன் வைத்து, முதல் வளையத்தை நீங்கள் இடுக்கியில் எடுத்துக் கொடுங்கள். அடுத்ததை அவர் கை தானாக எடுக்க வாய்ப்பு அதிகம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, ஒரே வகைக் கொலுசு, பக்கத்தில் நெருப்பைக் கவனிக்க ஒருவர் என்று தொடங்குங்கள். வெள்ளியை நிறுத்துக் கொடுப்பது, வாங்குவது, கூலிக் கணக்கு, வியாபாரியிடம் பேசுவது ஆகியவை இப்போதைக்கு உங்கள் பொறுப்பு. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆண்டில் வந்துவிடும் என்றாலும், அதன் பிறகும் மெதுவாக வருவதை நான் பார்த்திருக்கிறேன். பட்டறையை முழுமையாக அவர் பொறுப்பில் விடும் முடிவை நரம்பியல் உளவியல் சோதனைக்குப் பிறகு எடுங்கள்.

இதற்கிடையில் நிலைமை இருப்பதைவிட மோசமாகி, புதிதாகத் தலைவலி, பகல் முழுக்கத் தூக்கம், நடையில் தள்ளாட்டம், வலிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்; பழைய ஸ்கேனைக் காட்டி அமைதியடைய வேண்டாம், புதியது எடுக்க வேண்டும். உங்கள் தாய்க்கோ உங்களுக்கோ தாங்க முடியாமல் போகும் நாளில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.