குடமும் குயவனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தினமும் தேவாரம் ஓதிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். கல்லூரியில் படிக்கும் மகன், "கடவுளுக்கு ஆதாரம் காட்டும்மா, இல்லையென்றால் நீ நம்புவது மூடத்தனம்" என்கிறான். "குடம் இருந்தால் குயவன் இருப்பான், உலகத்தைச் செய்தவன் இருக்கமாட்டானா?" என்றேன். சிரித்தான். "பக்திக்கு எதற்கடா ஆதாரம்?" என்றும் சொல்லிப்பார்த்தேன். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசமிருந்து, முருகன் பார்த்துக்கொள்வான் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்தினேன். அதிலிருந்துதான் இந்தச் சண்டை. ஆதாரம் இல்லாமல் நம்புவது அறிவுக்கு விரோதமா? அவனுக்கு என்ன பதில் சொல்வது?

— ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

மகன் சிரித்ததை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கேட்கிற வயது, கேட்கட்டும். 'கடவுள் இருந்தால் லாபம், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை' என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி பாஸ்கலின் பந்தயக் கணக்கை யாராவது சொல்லித்தந்தால் அதை எடுத்துக்கொண்டு அவனிடம் போகாதீர்கள். எந்தக் கடவுள் என்று ஒரு கேள்வி கேட்டாலே அது படுத்துவிடும்.

நான் கொஞ்சநாளாக யோசித்துக்கொண்டிருப்பது உங்கள் குடத்தைப் பற்றித்தான். ஒரே மூச்சில் ஆதாரமும் காட்டினீர்கள், ஆதாரம் எதற்கு என்றும் கேட்டீர்கள். அவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

கண்டதை வைத்துக் காணாததை ஊகித்தறிவது அனுமானம். அதற்கு ஐந்து உறுப்பு என்று மணிமேகலையின் 29ஆம் காதை சொல்கிறது. இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப்போல என்பது திட்டாந்தம். மலையும் புகையுடையது என்பது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்பது நிகமனம். இதற்கு உயிர், புகைக்கும் நெருப்புக்கும் உள்ள விடாத தொடர்பு. அடுக்களையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம். நெருப்பே இல்லாத இடத்தில் புகை எழுந்து பார்த்ததில்லை.

இப்போது உங்களுடையதை வையுங்கள். உலகம் ஒருவனால் செய்யப்பட்டது, உறுப்புகள் கூடி உருவாகியிருப்பதால், குடத்தைப்போல. குயவன் வனைவதைக் கண்ணால் கண்டோம். உலகம் வனையப்பட்டதை யார் கண்டது? உலகம் ஒன்றே ஒன்று. ஒத்துப்பார்க்க இன்னொன்று கிடையாது. மண்ணில் உருவம் இருப்பதே போதும் என்றால், கறையான் புற்றையும் குயவன்தான் செய்தானா என்று 7ஆம் நூற்றாண்டிலேயே பௌத்தர் தர்மகீர்த்தி கேட்டுவிட்டார்.

பௌத்தர் அப்படித்தான் சொல்வார் என்பீர்கள். சரி, ராமானுஜர் சொல்வதைக் கேளுங்கள். வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தில், அதாவது உரையில், இதே அனுமானத்தை அவர் பிரித்துப் போடுகிறார். உலகில் உள்ளவை காரியங்கள்தான், அதாவது செய்யப்பட்ட பொருள்கள்தான், என்றே வைத்துக்கொள்வோம். அவை எல்லாவற்றையும் ஒரே காலத்தில் ஒருவனே செய்தான் என்பது எப்படித் தெரியும்? காரியங்கள் பல காலத்தில் பலரால் செய்யப்படுவதைத்தானே பார்க்கிறோம்? குயவனுக்கு உடம்பு வேண்டியிருக்கிறது. அந்த ஒப்புமையை முழுக்கப் பிடித்தால் கடவுளுக்கும் உடம்பு வந்து சேரும். வீட்டையும் கப்பலையும் பலர் சேர்ந்துதானே கட்டுகிறார்கள் என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூமின் நூல் கேட்டது 1779இல். ஹியூம் சந்தேகத்தில் நின்றார். ராமானுஜரோ சாஸ்திரம் ஒன்றாலேதான் பிரம்மத்தை அறிய முடியும் என்று முடித்துவிட்டு, பெருமாளைச் சரணடையச் சொன்னார். அனுமானம் தோற்றதால் அவருடைய பக்தியில் ஒரு கீறல்கூட விழவில்லை. இதை உங்கள் மகனும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சைவம் வேறு வழியில் போயிற்று. மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே அனுமானம்தான்: அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால், அதை ஒடுக்குகிறவனே அதற்கு முதல். மெய்கண்டார் வழியில் வந்துகொண்டு "ஆதாரம் எதற்கு?" என்று கேட்காதீர்கள், அம்மா. அவர் தொடங்கியதே ஆதாரத்தில்.

ஆனால் நீங்கள் காலையில் ஓதுவது அந்தச் சூத்திரத்தை நம்பியா? இல்லை. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார், அளவைகள் எனப்படும் அறியும் வழிகள் பத்தையும் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அனுமானம்), உரை (பெரியோர் சொல்) என்ற மூன்றில் அடக்கினார். குடம் கருதலைச் சேர்ந்தது. நீங்கள் நிற்பது உரையில், அப்பர் சொன்னதில். 'விறகில் தீயினன் பாலில் படுநெய்போல் மறைய நின்றுளன்' என்றவர், உறவுகோல் நட்டு உணர்வுக் கயிற்றால் கடைந்தால் முன்னிற்பான் என்றார். முதலில் கடையச் சொல்கிறார்; காண்பது பிறகு. அதை மகனிடம் கையில் எடுத்துக் காட்ட முடியாது. அதனால் அது மூடத்தனம் ஆகிவிடாது. மறுப்பைக் காதில் வாங்குகிறவரைக்கும், நம்பிக்கையின் விலையை இன்னொருவர் தலையில் கட்டாதவரைக்கும், அப்படி நம்புவது அறிவுக்கு உட்பட்டதுதான்.

மாத்திரைக்கு வருகிறேன்.

1877இல் ஆங்கிலேயத் தத்துவவாதி கிளிஃபோர்ட் ஒரு கப்பல் முதலாளியைப் பற்றி எழுதினார். பழைய கப்பல், சோதிக்காமல், தெய்வம் காப்பாற்றும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஆட்களை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான், போதிய ஆதாரமில்லாமல் நம்பியதே குற்றம் என்றார். 1896இல் அவரை மறுத்த அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ்கூட, அறிவால் தீர்க்க முடியாத இடத்தில்தான் மனம் முடிவெடுக்கலாம் என்றார். உங்கள் சர்க்கரை அப்படிப்பட்ட இடமா? ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். ஆறு நாள் நீங்கள் செய்தது பக்தி அல்ல. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பவன் அந்தப் பையன்தான்.

அடுத்த சஷ்டிக்குச் சில வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை வெறும் வயிற்றில் சர்க்கரையைக் கீழே தள்ளும். வேறு மாத்திரையை நிறுத்தினால் மேலே ஏறும். அளவையும் நேரத்தையும் அவர்தான் மாற்ற வேண்டும், நீங்கள் அல்ல. உபவாசமே கூடாது என்று அவர் சொன்னால் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு இருக்கலாமா என்று கேளுங்கள். விரத நாளில் பலமுறை விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் அந்த நிமிடமே விரதத்தை முடித்துவிட வேண்டும். குத்திப் பார்த்து எழுதிவைக்கிற வேலையை மகனிடம் கொடுங்கள்.